நாற்பத்தொன்றாம் அட்டை

பிப்ரவரி 4

அன்பு ரப்பருக்கு,

குண்டூசி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமாகத்தான் இருக்கிறாய் என்று அலுவலகத்திலிருந்து வந்த கட்டே சொல்லிவிட்டது.

கட்டு வியாழக்கிழமை வந்தது. நம் ஆங்கில–தமிழ் அகராதியில் ‘டி’ எழுத்துக்கு என் பங்காக வந்த சொற்களின் பட்டியலை, அடுப்பில் பால் இருக்கும்போதே பிரித்தேன். டைல் இருக்கிறது. டின் இருக்கிறது. டயர் இருக்கிறது, நாங்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே டயர் கடை என்பதால் அதையாவது இறங்கிப் பார்த்து எழுதிவிடலாம். ‘டிப்’ மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நம் பதிப்பாசிரியப் பெரியவர் கையெழுத்தில் ஒரு வரி: ‘டிப் – புதியவரிடம்.’ பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. துடைத்தது என் மகள்.

பதினோரு வருடமாக அந்தச் சொல்லுக்கு மேற்கோள் அட்டை சேர்த்தவள் யார்? ஓட்டல் பரிசாரகருக்குத் தட்டில் வைத்துவிட்டு வரும் டிப்ஸ், வார இதழில் முகப்பருவுக்குத் தரும் டிப்ஸ், ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போகும் டிப்பர் லாரி, விரல் நுனி, ‘டிப்டாப் ஆசாமி கைது’ என்ற செய்தி எல்லாவற்றையும் கத்தரித்து ஒட்டியவள் நான். இவையெல்லாம் ஒரு சொல்லே அல்ல, ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் நாலு பேர், அண்ணன் தம்பிகூடக் கிடையாது, தனித்தனியாக எண் போட வேண்டும் என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ என்ன செய்தாய்? “இடம் போதாதுடி” என்று சொல்லி அழித்தாய். உனக்கு ரப்பர் என்று பெயர் வைத்த பெரியவர் தீர்க்கதரிசி.

“ஒரு வார்த்தைக்குப் போய் மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே” என்கிறார் இவர். இவருக்கு மாற்றல் வந்ததால்தான் நான் இங்கே வந்து கிடக்கிறேன் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அன்று இரவுச் சாப்பாடு அமைதியாக நடந்தது.

சரி, உண்மையைச் சொல். அந்தப் புதியவள் எங்கே உட்காருகிறாள்? ஜன்னலோரத்து நாற்காலியிலா?

பதில் போடு. பெரிதாகப் போடு.

உன்,
குண்டூசி


பிப்ரவரி 12

அன்புக் குண்டூசிக்கு,

உன் கடிதத்தைத் தொட்டாலே குத்துகிறது. ஆனாலும் இரண்டு தடவை படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் துணையில்லாமல் போனபின் உன் கடிதம்தான் துணை.

ஆமாம், ஜன்னலோரத்து நாற்காலிதான். பின்னே எங்கே உட்காரச் சொல்வது? மற்றதெல்லாம் கால் ஆடுகிறது. உன் மேசை விரிப்பை மட்டும் மடித்து என் அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்காக எனக்கு நன்றி சொல்லலாம்.

அவளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நாற்பது வயதிருக்கும். பதினைந்து வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் ஒருவன் சிறைக்குப் போய்விடுவான் என்று பயந்து பயந்து வேலை செய்து பழகியவள். அதனால் எதையும் மூன்று இடத்தில் பார்க்காமல் எழுதமாட்டாள். இஸ்திரி கலையாத உடுப்பு, வகிடு பிசகாத தலை. உன் பாஷையில் டிப்டாப். சத்தம் போட்டுப் பேசமாட்டாள். என்னை அக்கா என்கிறாள். வந்த வாரமே, “அக்கா, இதை நாலு தலைச்சொல்லா பிரிக்கணும்னு தோணுது. நுனிங்கறது வேற, சாய்க்கறது வேற, மெல்லத் தட்டறது வேற, குடுக்கறது வேற. பிறந்த இடமே வேற வேற” என்றாள். பெரியவர் உடனே தலையசைத்துவிட்டார். நீ அதையே சொன்னபோது நான் அழித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்த கவலையில் இருக்கிறார்.

‘டிப்’ அவளுக்குப் போனதற்கு நான் காரணமில்லை. நீ தொலைவில் இருக்கிறாய். ‘டி’ பகுதி மார்ச் பதினான்காம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். பெரிய சொற்கள் எல்லாம் அலுவலகத்திலேயே முடியட்டும் என்றார் பெரியவர். அவர் ஆபரேஷனுக்குப் போனதும் அச்சு மெய்ப்பில் கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு. வருடக் கடைசியில் அவர் ஓய்வு பெறும்போது அவர் நாற்காலி எனக்கு வரலாம் என்று பேச்சு. வாய்விட்டுச் சொல்லாதே, கெட்டுப்போகும்.

இப்போது கோபிக்காமல் ஒன்று செய். உன் ‘டிப்’ அட்டைகளை அனுப்பு. அவள் நன்றாகத்தான் எழுதுகிறாள். ஆனால் உன் அட்டைகள் இல்லாமல் அந்தச் சொல் முழுசாகாது.

உன் மகளுக்கு என் அன்பு. இனிமேல் பாலை நீயே துடை.

ரப்பர்


பிப்ரவரி 19

என் ரப்பருக்கு,

“அவள் நன்றாகத்தான் எழுதுகிறாள்.” இந்த வரியை நீ அழித்திருக்கலாம். அழிக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழிப்பதே உன் பழக்கம்.

பரவாயில்லை. என்னை அற்பம் என்று நினைத்துவிடாதே. இத்துடன் அட்டைகளை அனுப்பியிருக்கிறேன், செருப்பு வாங்கிய பெட்டியில். எண்ணிப் பார், நாற்பத்தொன்று. ஒன்று முதல் ஒன்பது வரை நுனி. நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராத சொல்கூட அதில் இருக்கிறது. பத்து முதல் பதினெட்டு வரை சாய்ப்பது, கவிழ்ப்பது, குப்பை கொட்டும் மேடு. இங்கே தெருவில் ரோடு போடுகிறார்கள். டிப்பர் லாரி ஒன்று நேற்று எங்கள் வாசலை மறைத்து ஒரு வண்டி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. டிரைவரைக் கூப்பிட்டு, “இதுக்குப் பேர் என்னப்பா?” என்றேன். “எதுக்கும்மா?” என்றான். “பின்னாடி தூக்குதே, அதுக்கு.” “ஜாக்கி” என்றான். எனக்கு உதவவில்லை. அதற்குப் பிறகு தட்டுவது. அப்புறம் டிப்டாப், அதாவது அகராதியில் உள்ள டிப்டாப். கடைசியில் கொடுப்பது: பரிசாரகருக்குத் தருவதும், குதிரைப் பந்தயக்காரன் காதில் ஓதுவதும்.

நாற்பத்தொன்றாம் அட்டை முக்கியம். டிப்ஸ் என்பது எப்படி வந்தது என்ற வரலாறு. பழைய காலத்துக் காபிக் கடைகளில் மேசைமேல் ஒரு பெட்டி வைத்திருப்பார்களாம். விரைவை உறுதி செய்ய என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் அதன்மேல் எழுதியிருக்குமாம். அவசரக்காரர்கள் அதில் காசு போட்டால் காபி சீக்கிரம் வருமாம். அந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகளே இந்தச் சொல். எடுத்த நூலின் பெயர் அட்டையின் பின்புறம் இருக்கிறது. அதை முதல் வரியிலேயே போடச் சொல்.

இன்னொன்று. அதை நான் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லாதே. அவளே கண்டுபிடித்ததுபோல் இருக்கட்டும். புதிதாக வந்தவள், பெரியவர் முன்னால் நல்ல பெயர் எடுக்கட்டுமே. எனக்கு இனிமேல் பெயர் எதற்கு?

குண்டூசி


மார்ச் 2

அன்புக் குண்டூசிக்கு,

பெட்டி நசுங்காமல் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் நீயே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. பியூன்கூட, “அம்மா எழுத்தா?” என்று எட்டிப் பார்த்தார்.

உன் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சை நான் கேட்கப்போவதில்லை. நீ தேடியதை இன்னொருத்தி பெயரில் போடுவதா? நான் இருக்கும்வரை நடக்காது. அட்டைகள் யாருடையவை என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இனி எழுதுவதைப் படித்து நீ கொதிக்கக் கூடாது. நாற்பத்தொன்றாம் அட்டையைப் பார்த்ததும் அவள், “அக்கா, இது சரியா இருக்காதுன்னு நினைக்கிறேன்” என்றாள். “முதலெழுத்துச் சேர்த்துச் சொல்ற கதையெல்லாம் பெரும்பாலும் பின்னாடி கட்டினது. பின்னாடி இருக்கற புத்தகத்துப் பேரையும் நான் கேள்விப்பட்டதில்ல. ரெண்டு நாள் குடுங்க, பார்த்துடறேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் யாரையும் கடிந்து பேசாதவள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசிவிட்டேன். “பத்தொன்பது வருஷமா அவ அட்டையை நான் திருப்பிப் பார்த்ததே இல்ல. அவ எழுதினா எழுதினதுதான். நீங்க வந்து ரெண்டு மாசம் ஆகல” என்றேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள். மெய்ப்பு வந்தாயிற்று. பதினான்காம் தேதி காலையில் நான் கையெழுத்துப் போட்டால் ‘டி’ பக்கங்கள் அடங்கிய அந்த அச்சுப் பாரம் இயந்திரத்தில் ஏறிவிடும்.

அன்று சாயங்காலம் எனக்கே மனம் கேட்கவில்லை. அவள் தங்கியிருந்த விடுதியை இடிக்கப்போகிறார்களாம், வீடு தேடிக்கொண்டிருந்தாள். என் முன்னறை சும்மாதானே கிடக்கிறது, வந்து இருங்கள் என்றேன். ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமாக ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைக்கிறாள். இத்தனை வயதுக்கு மேல் ஒருத்தர் கையால் காபி வாங்கிக் குடிப்பது கூச்சமாக இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

பெரியவருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. இருபது நாள் எதையும் படிக்கக் கூடாதாம். அவருக்கு அதைவிடத் தண்டனை வேறில்லை.

உன் பழைய இருமல் எப்படி இருக்கிறது?

ரப்பர்


மார்ச் 17

அன்பு ரப்பருக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இருமல், காய்ச்சல், மகளுக்குத் தேர்வு, இவருக்கு அலுவலகத்தில் ஆய்வு. எல்லாம் சேர்ந்து வந்தன.

பாரம் அச்சுக்குப் போயிருக்கும். போயிருந்தால் போகட்டும். போகாமல் இருந்தால் அந்த நாற்பத்தொன்றாம் அட்டையை வேண்டுமானால் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

முன்னறையில் வெயில் அதிகம் வருமே, அவளுக்குச் சரிப்படுகிறதா? அந்த அறையில் நான் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. நீ கூப்பிட்டதில்லை என்று சொல்லவில்லை. எனக்கு வீடு இருந்தது, நான் போய்விட்டேன். சும்மா நினைத்துக்கொண்டேன்.

வேறு விசேஷமில்லை.

குண்டூசி


ஏப்ரல் 1

குண்டூசிக்கு,

பாரம் பதினான்காம் தேதியே அச்சேறியது. மூவாயிரம் பிரதி. உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி கிடைத்தது.

பெரியவர் சென்ற செவ்வாய்க்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகம் வந்தார். யார் சொல்லியும் கேட்காமல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அச்சான பக்கங்களைப் புரட்டினார். ‘டிப்’ வந்ததும் நிறுத்திவிட்டார். முதலெழுத்துக் கதைகள் என்றால் அவருக்கு எப்படிக் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும்.

“யார் எழுதினது இது?” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். ‘நான் அப்போதே வேண்டாமென்றேன்’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “நான்தான் போடச் சொன்னேன் சார். கையெழுத்து என்னுது” என்றேன்.

“பத்தொன்பது வருஷம் என்கிட்ட இருந்துட்டு, பெட்டிக் கதையை நம்பறீங்களா?” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூவாயிரம் பிரதியும் கழிவுக்குப் போயிற்று. நான் இப்போது பள்ளிப் பதிப்பில் எழுத்துப் பிழை பார்க்கிறேன், மாடிப்படிக்குக் கீழே உள்ள மேசையில். வருடக் கடைசி நாற்காலியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

உன் பெயரை நான் சொல்லவில்லை. நீ எதையோ நம்பி ஏமாந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உனக்காக வாதாட ஏதாவது கிடைக்குமா என்று இரும்பு அலமாரியில், தள்ளுபடி செய்த பழைய அட்டைகளைத் தேடினேன். இரண்டு மத்தியானம் தேடினேன். கிடைத்தது.

எட்டு வருடத்துக்கு முந்தைய அட்டை. உன் கையெழுத்து. படித்ததை அப்படியே எழுதுகிறேன்: ‘டிப் – காபிக் கடைப் பெட்டிக் கதை. ஆதாரம் இல்லை. கொடு என்ற பொருளில் இந்தச் சொல் அந்தக் கடைகள் வருவதற்கு முன்பே திருடர் பேச்சில் வழங்கியிருக்கிறது. யாராவது இந்தக் கதையைக் கொண்டுவந்தால் சிரித்து அனுப்பவும்.’

கடைசி வரியைப் படித்து முதலில் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மறந்துவிட்டாயா? மறந்திருந்தால் அதை மட்டும் எழுது. நம்பிவிடுகிறேன்.

ரப்பர்


ஏப்ரல் 6

என் ரப்பருக்கு,

மறக்கவில்லை.

‘மறந்துவிட்டேன்’ என்று ஒரு முழுக் கடிதம் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்கு முன் கிழித்தேன். நீ நம்பிவிடுவாய் என்பதால்தான் கிழித்தேன்.

நாற்பத்தொன்றாம் அட்டையைப் பிப்ரவரி பதினெட்டாம் தேதி, சமையலறை மேசையில், இவர் வேலைக்குப் போனபின் எழுதினேன். அப்படி ஒரு புத்தகமே கிடையாது. பெயரை நான் வைத்தேன். பழைய அட்டைபோல் தெரிய வேண்டும் என்று ஓரத்தில் தேநீரைத் தொட்டுத் தடவினேன். அவள் அதைத் தன் கண்டுபிடிப்பாகப் போட வேண்டும், பெரியவர் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்த வேண்டும், நீ எனக்குக் கடிதம் எழுத வேண்டும்: ‘நீ இருந்தால் இப்படி ஆகியிருக்குமா?’ அந்த ஒரு வரிக்காக.

நீ என் பெயரைச் சொல்வாய் என்றும், அவளிடமே எனக்காகச் சண்டை போடுவாய் என்றும் நான் நினைக்கவில்லை. பத்தொன்பது வருடம் பழகியும் உன்னை எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உன் மார்ச் இரண்டாம் தேதிக் கடிதம் ஐந்தாம் தேதியே எனக்குக் கிடைத்துவிட்டது. பதினான்காம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். காய்ச்சல் என்று எழுதினேனே, காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டாம் தேதி தெருமுனை போன் பூத்துக்குப் போய் அலுவலக எண்ணைச் சுற்றினேன். அவள் எடுத்தாள். “வணக்கம், அகராதி அலுவலகம்” என்றாள். ஜன்னலோரத்து மேசை போன். பின்னால் நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. அது நான் ஏதாவது சொன்னால்தான் வரும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். “யாருங்க பேசறது?” என்று மூன்று தடவை கேட்டாள். வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தில் காபி வரியை மறுபடி படித்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பதினாறாம் தேதிவரை தூங்கவில்லை. பதினேழாம் தேதி, எல்லாம் முடிந்தபின், இன்னொரு தடவை பார்த்துக்கொள் என்று எழுதினேன். அது உனக்காக எழுதியதல்ல. பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்காக.

எனக்கு இவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், வீடு இருக்கிறது. உனக்கு ஒரு முன்னறை நிறைந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

இந்தக் கடிதத்தைப் பெரியவரிடம் கொடு.

குண்டூசி


ஏப்ரல் 29

என் ரப்பருக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறார். நேற்று அவரை மறித்து, “ஒண்ணுமே இல்லையா?” என்றேன். “இருந்தா குடுக்க மாட்டேனாம்மா?” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

நீ என் கடிதத்தைப் பெரியவரிடம் கொடுத்திருக்கமாட்டாய். கொடுக்கும் ஆள் நீ இல்லை. அதனால் நேற்று அவருக்கு நானே நேராக எழுதிவிட்டேன். உனக்கு எழுதியதையே எழுதினேன், தேநீர்க் கறை உட்பட. தபாலில் போடுவதற்கு முன் இவரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். “வேலை போயிடும், தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். “அப்போ நானே போட்டுட்டு வரேன், நீ நடுவழியில மனசு மாறிடுவ” என்று வாங்கிக்கொண்டு போனார்.

உனக்குப் பதில் எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம். திட்ட வேண்டும் என்றாலும் ஒரு தாள் செலவழி.

குண்டூசி


ஜூன் 11

குண்டூசிக்கு,

இந்த உறையோடு அலுவலக உறை ஒன்றும் வந்திருக்கும். அதை முதலில் பிரித்துப் படித்துவிட்டு இங்கே வா.

படித்தாயா? அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். பெரியவர் இம்மாதமே ஓய்வு பெற்றுவிட்டார், கண் ஒத்துழைக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்தபின் என்னை மறுபடி மேலே கூப்பிட்டுக்கொண்டவர், பொறுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உன் வேலையை நிறுத்தும் கடிதத்தைக் குமாஸ்தா தட்டச்சு செய்து வைத்திருந்தார். ‘மேற்படி நபர்’ என்று ஆரம்பித்திருந்தது. அதைக் கிழித்துவிட்டு நானே கையால் எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்து நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். வேறு வழியில்லை. அட்டையை இட்டுக்கட்டிய ஒருவருக்கு அகராதியில் வேலை கொடுக்க முடியாது. அது நீயாக இருந்தாலும் முடியாது. எழுதிவிட்டுக் கைகழுவும் இடத்தில் போய்க் கொஞ்சநேரம் நின்றேன்.

இத்தனை நாள் நான் பதில் போடாதது உன்னைத் தண்டிக்க அல்ல. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் பொய்யாக வந்தது. ‘பரவாயில்லை’ என்று எழுதினேன், பொய். ‘உன் முகத்தில் விழிக்கமாட்டேன்’ என்று எழுதினேன், அதுவும் பொய். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதுதான் மிச்சம்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ பெரியவருக்கு எழுதிய கடிதம் வந்த அன்று அவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்து, “நீங்க ஏன் அன்னைக்கு வாயே திறக்கல? தப்புன்னு உங்களுக்குத் தெரியுமே” என்றார்.

“தெரியும் சார்” என்றாள். “ஆனா அக்கா அவங்க சிநேகிதியை நம்பி என்கிட்ட சண்டை போட்டாங்க. கோர்ட்டுல பதினஞ்சு வருஷம் ஆளுக்கு ஆள் சாட்சி சொல்றதைக் கேட்டிருக்கேன். திருப்பிக்கூடப் பார்க்காம ஒருத்தர் இன்னொருத்தருக்காக நின்னதைப் பார்த்ததில்ல. எனக்கு அப்படி ஆள் யாரும் கிடையாது. பொறாமையா இருந்துச்சு சார். அதை நானே உடைக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.”

நீ அவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் அவள் உன்மேல் பட்டிருக்கிறாள். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படமாட்டாய் என்று நினைக்கிறேன்.

‘டிப்’ மறுபடி அச்சாகிவிட்டது. நாலு தலைச்சொல். உன் மீதி நாற்பது அட்டைகளையும் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. நாற்பதும் சரி. ஒரு கால்புள்ளிகூடப் பிசகவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. முன்பக்கத்தில் உழைத்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இருக்கும். அவளும் நானும் பேசித்தான் முடிவு செய்தோம். அவள்தான் முதலில் சொன்னாள்.

அலுவலகச் சொத்தாக உன்னிடம் இன்னும் ஆறு பெட்டி அட்டைகள் இருக்கின்றன. பார்சலில் போடாதே. இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். முதல் பஸ்ஸில் வருவேன். நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவள் வரவில்லை. வரட்டுமா என்று கேட்டாள், இந்தத் தடவை வேண்டாம் என்றேன்.

வந்து என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. பேசாமலும் இருக்கலாம். பழையபடி ஆகிவிடும் என்று எண்ணிக்கொண்டு வாசலில் நிற்காதே. ஆகுமா என்று எனக்கே தெரியாது. சமைத்து வைக்காதே. சமைத்துவிட்டால் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாகிவிடும், சாப்பிட்டால் எனக்கு அழுகை வரும், உன் மகள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

காபி போட்டு நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. அது உன் இஷ்டம்.

ரப்பர்